வராகன் வழக்கொழிந்தது ஏன்? தென்னிந்தியப் பொன் நாணயத்தின் முடிவு குறித்த விளக்கங்களும் அவற்றின் வரம்புகளும்

வினாவும் அதன் எல்லையும்

1818ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் சென்னை அரசு வெளியிட்ட அறிவிப்பு ஒன்று, மாகாணத்தின் தலைமை நாணயம் இனி வெள்ளி ரூபாயே என்றும், 100 நட்சத்திர வராகனுக்கு 350 ரூபாய் என்ற விகிதத்தில் அரசுக் கணக்குகள் மாற்றி எழுதப்படும் என்றும் தெரிவித்தது. விசயநகர அரசு தோன்றிய 14ஆம் நூற்றாண்டு முதல் தென்னிந்தியாவின் வரி, வணிகம், கோயில் நிவந்தம், கடன் ஆகியவற்றுக்கு அளவுகோலாக நின்ற பொன் நாணயம், இதனோடு அரசின் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. அது ஏன் விலக்கப்பட்டது என்னும் வினாவுக்கு நாணயவியலாளர், ஆட்சியாளர், பொருளியல் வரலாற்றாசிரியர் எனப் பல தரப்பினரும் இருநூறு ஆண்டுகளாக விடை கூறிவந்துள்ளனர். அவ்விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றினாலும், அவை உண்மையில் ஒரே நிகழ்வைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்பதை முதலில் ஆராய வேண்டியுள்ளது.

இவ்வினாவை இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து நோக்குவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையில் அமைந்த பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் நாணயச்சாலை நடத்தினர். ஆங்கிலேயருக்குச் சென்னையில் நாணயம் அடிக்கும் உரிமையை 1639இல் வழங்கிய தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் உடன்பிறந்த ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியிலிருந்து ஆட்சி செய்தவர். பொன்னேரி, திருவள்ளூர்ப் பகுதிகளோ 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு அளிக்கப்பட்ட சாகீர் நிலத்தில் அடங்கியவை. நாணயம் அடித்தல், அதற்கான உரிமை வழங்கல், அந்நாணயத்தில் வரி தண்டல் ஆகிய மூன்றும் இந்தச் சிறு நிலப்பரப்பில் ஒருங்கே நிகழ்ந்திருப்பதால், பெரிய கோட்பாடுகளைச் சோதித்துப் பார்ப்பதற்கு இது ஏற்ற இடமாகிறது.

ஓர் அரசைக் கடந்த நாணயம்

வராகன் என்பது ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள, சிறிய தடித்த பொன் வில்லை. சாளுக்கியரும் விசயநகரத்தாரும் தம் சின்னமாகக் கொண்ட பன்றி உருவத்தோடு இதன் பெயர் தொடர்புபடுத்தப்படுகிறது. வடக்கே இது ஹொன் என்றும் ஹூன் என்றும், ஐரோப்பியரின் ஏடுகளில் பகோடா என்றும் குறிக்கப்பட்டது. 1565இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின்னர் விசயநகரத்தின் வலிமை குன்றி, அரவீட்டு மரபினர் பெனுகொண்டாவுக்கும் பின்னர்ச் சந்திரகிரிக்கும் தம் தலைநகரை மாற்றிக்கொண்டனர். எனினும் அவர்களது நாணயம் குன்றவில்லை. கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சியில் வரி ஹொன்னிலேயே கணக்கிடப்பட்டது. மராட்டிய மன்னர் சிவாஜி தம் பெயரில் ஹொன் வெளியிட்டார். மைசூரின் ஹைதர் அலி, சிவனும் பார்வதியும் அமர்ந்த உருவத்தை ஒரு பக்கத்திலும் தம் பெயரின் முதலெழுத்தை மறுபக்கத்திலும் பொறித்து வராகன் அடித்தார். ஆகவே இதைத் தேசிய நாணயம் என அழைக்கும்போது, ஒரே அரசின் முத்திரையைத் தாங்கிய இன்றைய நாணயங்களைப் போல் அதைக் கருதுவது பொருந்தாது. எடை, வடிவம் ஆகியவற்றில் பெரும்பாலும் ஒத்துச்சென்று, பல அரசுகள் பகிர்ந்துகொண்ட வட்டார நாணயம் அது.

ஐரோப்பியக் கும்பினிகளும் இந்த மரபுக்குள்ளேயே நுழைந்தன. விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவோடு 1610இல் பழவேற்காட்டில் நிலைகொண்ட டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அதையே சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்தனர். அங்கே அவர்கள் வெளியிட்ட செப்புக் காசுகளில் டச்சுக் கும்பினியின் பின்னிய எழுத்துச் சின்னமும், அதன் மேல் ஊரைக் குறிக்கும் ஓர் எழுத்தும் காணப்படுகின்றன. பொன் நாணயத்திலோ அவர்கள் தம் சின்னத்தைப் பொறிக்காமல், நாட்டார் ஏற்றுப் பழகிய திருமால் உருவத்தையே பின்பற்றினர். 1660களில் ஜப்பான் பொன் ஏற்றுமதிக்கு இசைவளித்தபின், கோபன் எனப்படும் ஜப்பானியப் பொற்காசுகள் டச்சுக் கப்பல்களில் இக்கரைக்குப் பெருமளவில் வந்து, உருக்கப்பட்டு வராகன்களாக மாறி, துணி வாங்குவதற்குச் செலவாயின. ஆங்கிலேயரும் சென்னையில் திருமால் உருவமுள்ள வராகன்களை அடித்துவந்தனர். 1740ஆம் ஆண்டை ஒட்டிப் பின்புறத்தில் விண்மீன் குறி பொறித்த நட்சத்திர வராகன் வழக்குக்கு வந்தது.

சென்னையில் நிலவிய கணக்கு முறைப்படி ஒரு நட்சத்திர வராகன் 42 பணமாகவும், ஒரு பணம் 80 காசாகவும் வகுக்கப்பட்டது. அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. பிற்காலத்தில் ஒரு ரூபாய் 12 பணமாகக் கொள்ளப்பட்டபோது ஒரு வராகன் மூன்றரை ரூபாய்க்குச் சமமாயிற்று. நெசவாளருக்கான முன்பணம், நிலவரித் தொகை, அரசர்களுக்கிடையிலான திறை ஆகியவை வராகனில் எழுதப்பட்டாலும், நாட்கூலியும் சில்லறை வாணிபமும் பணத்திலும் காசிலுமே நடந்தன. இந்த அடுக்கமைப்பைக் கருதாமல் வராகனின் முடிவை ஆராயும் விளக்கங்கள் பலவும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன.

முதல் விளக்கம்: ஆட்சியின் சீர்மை

மிகப் பழைய விளக்கம் ஆட்சியாளருடையது. பரந்த நிலப்பரப்பு ஒரே கும்பினியின் ஆளுகைக்குள் வந்தபின் அதற்கு ஒரே நாணயம் தேவைப்பட்டது என்பதும், வெள்ளி ரூபாய் அந்தத் தேவையை நிறைவு செய்தது என்பதும் அதன் சாரம். இலண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள் 1806ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாளிட்ட மடலில், இந்தியப் பகுதிகள் அனைத்துக்கும் 180 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய்மையும் கொண்ட வெள்ளி ரூபாயே தலைமை நாணயமாக இருத்தல் வேண்டும் என்ற கொள்கையை வகுத்தனர். அதன் முதற்படியாக 1818ஆம் ஆண்டின் அறிவிப்பும், நிறைவாக இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாயை நிறுவிய 1835ஆம் ஆண்டின் நாணயச் சட்டமும் கருதப்படுகின்றன. ஜேம்ஸ் பிரின்செப் 1834இல் தொகுத்த நாணய அட்டவணைகளும், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் வெளியிட்ட கும்பினி நாணய வரலாறும் பெரும்பாலும் இந்தச் சட்டகத்துக்குள்ளேயே வராகனை வைத்துக் காட்டுகின்றன.

இவ்விளக்கத்தின் வலிமை எளிதில் விளங்கக்கூடியது. 1801இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கும்பினியின் கைக்கு வந்தபோது, சென்னை மாகாணத்துக்குள் ரூபாயில் கணக்கெழுதிய வட சர்க்கார் மாவட்டங்களும் வராகனில் கணக்கெழுதிய தென்மாவட்டங்களும் அடங்கியிருந்தன. ஒரே கருவூலம் இருவகைக் கணக்குகளைத் தொடர்ந்து நடத்துவது கடினம் என்பதில் ஐயமில்லை.

எனினும் கொள்கை வகுக்கப்பட்டதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையிலான பன்னிரண்டு ஆண்டுகளை இவ்விளக்கம் போதுமான அளவு கணக்கில் கொள்வதில்லை. ரூபாயை வலியுறுத்திய மடல் வந்த பிறகும், 1807, 1808 ஆண்டுகளில் சென்னை நாணயச்சாலை வராகன் முறையிலேயே புதிய நாணயங்களை வெளியிட்டது. அவற்றுள் வெள்ளியாலான அரை வராகன் குறிப்பிடத்தக்கது. சுமார் 21 கிராம் எடையுள்ள அந்த நாணயத்தின் ஒரு பக்கத்தில் விண்மீன்கள் சூழ்ந்த கோயிற் கோபுரமும், மறுபக்கத்தில் திருமால் உருவமும் பொறிக்கப்பட்டு, அதன் மதிப்பு ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் எழுதப்பட்டிருந்தது. இறக்குமதியான ஸ்பானிய டாலர்களின் மேலேயே இந்த முத்திரை அடிக்கப்பட்ட படிகளும் கிடைத்துள்ளன. அதே காலத்தில் பத்துக் காசு, இருபது காசு மதிப்புள்ள செப்பு நாணயங்கள் இங்கிலாந்தின் சோஹோ நாணயச்சாலையில் பெருந்தொகையாக அடிக்கப்பட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்டன. அவற்றைச் சுமந்துவந்த அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல் 1809இல் ஆங்கிலக் கரையோரத்திலேயே மூழ்கியதால், 1808 என்று ஆண்டு பொறித்த காசுகள் பிற்காலத்தில் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. கைவிடவிருக்கும் ஒரு முறைக்கு எந்த அரசும் இத்துணைச் செலவு செய்யாது. ஆகவே சீர்மை என்பது தொடக்கத்திலிருந்தே உறுதியாகப் பின்பற்றப்பட்ட திட்டமாக இல்லாமல், தயக்கத்தோடும் இடையீடுகளோடும் உருவான முடிவாக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. மேலும் சீர்மை தேவை என்பது ஒரே நாணயம் ஏன் வேண்டும் என்பதை விளக்குமேயன்றி, அது ஏன் பொன்னாக இல்லாமல் வெள்ளியாக அமைந்தது என்பதை விளக்காது. இங்கிலாந்து 1816இல் பொன்னைத் தன் நாணய அளவையாக்கிய இரண்டே ஆண்டுகளில், அதன் கும்பினி சென்னையில் பொன்னை விலக்கியது என்பது தனியே விளக்கப்பட வேண்டிய முரண்.

இரண்டாம் விளக்கம்: வடக்கிலிருந்து வந்த ரூபாய்

19ஆம் நூற்றாண்டு நாணயவியல் நூல்களில் அடிக்கடி காணப்படும் மற்றொரு விளக்கம் அரசியல் எல்லைகளை முதன்மைப்படுத்துகிறது. வடக்கே வெள்ளியும் தெற்கே பொன்னும் ஆட்சி செலுத்தின என்றும், முகலாயர் தெற்கே பரவியபோது அவர்களது ரூபாயும் உடன் பரவியது என்றும், கும்பினி அந்தப் போக்கை முடித்துவைத்தது என்றும் இத்தரப்பினர் கருதினர். தென்னிந்திய நாணயங்களை விரிவாகத் தொகுத்த வால்டர் எலியட் போன்றோரின் பணிக்குப் பின்னர், கடவுள் உருவம் தாங்கிய பொன் நாணயம் இந்து அரசுகளின் அடையாளம் என்றும், எழுத்து மட்டுமே தாங்கிய வெள்ளி நாணயம் முஸ்லிம் அரசுகளின் அடையாளம் என்றும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வலுப்பெற்றது.

இதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. 1687இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைக் கைப்பற்றியபின் ரூபாய் தெற்கே ஊன்றத் தொடங்கியது. 1692இல் இளவரசர் காம் பக்ஷின் இசைவோடு சென்னையிலேயே முகலாயப் பேரரசரின் பெயரில் ரூபாய் அடிக்கப்பட்டது. ஆர்க்காட்டு ரூபாயை அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் 1736இலும் ஆங்கிலேயர் 1742இலும் நவாபிடமிருந்து பெற்றனர். ஆங்கிலேயருக்கான நாணயச்சாலை சிந்தாதிரிப்பேட்டையில் அமைந்தது. புதுச்சேரியில் துபாஷியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வராகனும் ரூபாயும் அருகருகே புழங்குவதைக் காணமுடிகிறது.

ஆனால் சமயத்தையும் உலோகத்தையும் இணைத்துப் பார்க்கும் பகுதி சான்றுகளின் முன் நிற்பதில்லை. கோல்கொண்டா சுல்தான்கள் ஹொன்னை விலக்கவில்லை. ஹைதர் அலி சிவ பார்வதி உருவத்தைத் தாமே தேர்ந்துகொண்டார். திப்பு சுல்தான் தாம் புதிதாக வகுத்த நாணயத் தொகுதியில் ரூபாயோடு ஃபாரூக்கி என்ற பெயரில் வராகனுக்கும் இடமளித்தார். ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் பெயர்போன கடன்கள் வராகனில்தான் கணக்கிடப்பட்டன. கிறித்தவரான டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் திருமாலை அச்சிட்டனர். ஆட்சியாளரின் சமயத்தைவிட, நாணயத்தைப் பெறுபவர் எதை ஏற்பார் என்பதே முத்திரையைத் தீர்மானித்தது என்று கொள்வது இச்சான்றுகளுக்கு நெருக்கமானது. ரூபாயும் வராகனும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உடன்வாழ்ந்தன என்பதால், ரூபாயின் வருகை வராகனின் முடிவுக்கு முன்நிபந்தனையாக இருந்திருக்கலாம். போதிய காரணமாக இருந்தது என்று கூற இயலாது.

மூன்றாம் விளக்கம்: மாற்றுக் குறைவும் சராப்பும்

மூன்றாவது விளக்கம் நாணயத்தின் உள்ளிருந்தே காரணத்தைத் தேடுகிறது. சென்னை, பழவேற்காடு, நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயரால் வழங்கிய வராகன்கள் எடையில் ஏறக்குறைய ஒத்திருந்தாலும், பொன்னின் தூய்மையைக் குறிக்கும் மாற்றில் வேறுபட்டன. நட்சத்திர வராகன் ஏறத்தாழ எட்டு மாற்று, அதாவது நூற்றுக்கு எண்பது பங்கு பொன். பரங்கிப்பேட்டை வராகன் அதற்கும் தாழ்ந்தது. இத்தகைய நிலையில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் சராப்பு எனப்படும் நாணயமாற்று வணிகரின் மதிப்பீடு தேவைப்பட்டது. அவர் நாணயத்தை உரைகல்லில் தேய்த்து, அதன் கோட்டை மாற்று அறியப்பட்ட உரையாணிகளின் கோடுகளோடு ஒப்பிட்டுத் தரம் கூறுவார். தரக்குறைவுக்கு ஏற்பக் கழிக்கப்படும் தொகை வட்டம் எனப்பட்டது. வரி செலுத்துவோரிடமிருந்து வட்டத்தின் பெயரால் மிகுதியாகப் பறிக்கப்பட்டது என்றும், நாணயப் பன்மையே இந்தச் சுரண்டலுக்கு இடமளித்தது என்றும் கும்பினி அலுவலர்கள் தொடர்ந்து முறையிட்டனர். எனவே வராகன் தன் நம்பகத்தன்மையை இழந்தே வீழ்ந்தது என்பது இத்தரப்பின் முடிவு.

20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இக்கருத்து கடுமையான மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று. ஃபிராங்க் பெர்லின் 1980களில் எழுதிய கட்டுரைகள், காலனிய ஆட்சிக்கு முந்தைய நாணயப் பன்மையைக் குழப்பமாகக் கருதாமல், வெவ்வேறு சந்தைகளின் தேவைக்கேற்ப அமைந்த ஒழுங்காகக் காணவேண்டும் என்று வாதிட்டன. ஓம் பிரகாஷின் டச்சு வணிக ஆய்வுகளும், பலவகைப் பொன்னும் வெள்ளியும் உள்ளூர் நாணயச்சாலைகள் வழியாகத் தடையின்றி வணிக முதலாக மாறியதைக் காட்டியுள்ளன. பழவேற்காட்டில் ஜப்பானியப் பொன் வராகனாகி, அந்த வராகன் கைக்குட்டைத் துணியாகிக் கப்பலேறிய சங்கிலியில், சராப்பு இடைத்தடையாக இருந்தார் என்பதைவிட இணைப்புக் கண்ணியாக இருந்தார் என்பதே பொருந்தும்.

இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஒரு நிதானம் தேவைப்படுகிறது. பன்மை பெருவணிகருக்குப் பயன்பட்டது என்பதாலேயே, பொன்னேரிச் சிற்றூரில் நெல்லை விற்றுத் தீர்வை கட்டிய குடியானவருக்கும் அது பயன்பட்டது என்று ஆகிவிடாது. வட்டத்தின் சுமை யார்மேல் விழுந்தது என்பது இடத்துக்கும் தகுதிக்கும் ஏற்ப வேறுபட்டிருக்கும். அலுவலரின் முறையீடுகளில் தன்னலமும் கலந்திருந்தது என்பதைக் கருதினாலும், சுமையே இல்லை என்று மறுப்பதற்கு அது போதாது. அதேவேளை, தரக்குறைவு காரணமாகவே வராகன் கைவிடப்பட்டது என்றால், தரம் ஒரே நிலையில் பேணப்பட்ட நட்சத்திர வராகனை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விலக்கியிருக்கலாம் என்ற எதிர்வாதத்துக்கு இத்தரப்பினரிடம் தெளிவான விடை இல்லை.

நான்காம் விளக்கம்: பொன்னும் வெள்ளியும்

நான்காவது விளக்கம் இரு உலோகங்களின் ஒப்புமதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அரசு ஒரு பொன் நாணயத்துக்கும் ஒரு வெள்ளி நாணயத்துக்கும் இடையே நிலையான விகிதத்தை விதித்து, சந்தை வேறொரு விகிதத்தைப் பின்பற்றினால், அரசு குறைத்து மதிப்பிட்ட உலோகம் புழக்கத்திலிருந்து விலகி, உருக்கப்படும் அல்லது வெளியேறும் என்பது பொருளியலில் நன்கறியப்பட்ட கோட்பாடு. வராகனுக்கு இது பொருந்துமா என்பதை எளிய கணக்கால் சோதிக்கலாம்.

நட்சத்திர வராகனில் அடங்கிய தூய பொன் ஏறத்தாழ 2.72 கிராம். 1818ஆம் ஆண்டின் ரூபாயில் அடங்கிய தூய வெள்ளி 10.69 கிராம் என்பதால், மூன்றரை ரூபாயில் 37.4 கிராம் வெள்ளி இருந்தது. இதன்படி ஒரு பங்கு பொன்னுக்கு 13.75 பங்கு வெள்ளி என்ற விகிதம் கிடைக்கிறது. பிரான்சின் 1803ஆம் ஆண்டுச் சட்டம் இதே விகிதத்தை 15.5 என நிர்ணயித்திருந்தது. இதைவிட முக்கியமானது, சென்னை அரசே வராகனுக்கு மாற்றாக வெளியிட்ட பொன் ரூபாய், வெள்ளி ரூபாயின் அதே எடையும் தூய்மையும் கொண்டு 15 வெள்ளி ரூபாய்க்குச் சமமாக வைக்கப்பட்டதுதான். அந்த 15 என்ற விகிதத்தை வராகனின் பொன்னுக்குப் பொருத்தினால் அதன் மதிப்பு ஏறத்தாழ மூன்று ரூபாய் பதின்மூன்று அணாவாகிறது. அறிவிப்பு அளித்ததோ மூன்று ரூபாய் எட்டணா. அரசின் சொந்த அளவுகோலின்படியே ஒவ்வொரு வராகனும் ஐந்து அணா, அதாவது நூற்றுக்கு எட்டு பங்குக்குச் சற்று மேலாகக் குறைத்து மதிப்பிடப்பட்டது என்பது இதனால் தெளிவாகிறது.

இக்கணக்கு, வராகன் சந்தையிலிருந்து விலகியதற்கு வலுவான காரணத்தைத் தருகிறது. கையில் பொன் வைத்திருந்தவர் அதை மூன்றரை ரூபாய்க் கடனுக்காகக் கொடுப்பதைவிட, உருக்கி நகையாகவோ கட்டிப் பொன்னாகவோ விற்பதே ஆதாயம். எனினும் இவ்விளக்கத்துக்கும் எல்லை உண்டு. மூன்றரை ரூபாய் என்ற விகிதம் 1818இல் புதிதாகத் தோன்றியதன்று. அது முன்பே கணக்கில் நிலவியது. ஆகவே அறிவிப்பு பொன்னை விரட்டியதா, முன்பே வெளியேறிவிட்ட பொன்னின் நிலையை அறிவிப்பு ஏற்றுக்கொண்டதா என்பதை இந்த விகிதம் மட்டும் தீர்மானிக்காது. 1808ஆம் ஆண்டின் வெள்ளி அரை வராகன், இரண்டாவது வாய்ப்பை நோக்கியே சுட்டுகிறது. வராகன் என்ற பெயரை வெள்ளியின்மேல் பொறிக்கவேண்டிய நிலை வந்துவிட்டது என்றால், பொன் அதற்கு முன்பே அரிதாகத் தொடங்கியிருத்தல் வேண்டும்.

அண்டை நாடான இலங்கையில் 1825இல் நிகழ்ந்த மாற்றம் ஒப்பீட்டுக்கு உதவுகிறது. அங்கே டச்சுக்காரர் காலத்திலிருந்து வழங்கிய இறைசால் என்னும் நாணயம், ஒன்றுக்கு ஒன்றரை ஷில்லிங் என்ற விகிதத்தில் ஆங்கிலப் பவுன் முறைக்கு மாற்றப்பட்டது. இரு இடங்களிலும் பழைய நாணயம் ஒழிக்கப்பட்டது என்பதைவிட எந்த விகிதத்தில் ஒழிக்கப்பட்டது என்பதே, பழைய கணக்கில் கடன் கொடுத்தவர்க்கும் வாங்கியவர்க்கும் இடையே ஆதாயத்தைப் பங்கிட்டது.

விளைவு பற்றிய விவாதம்

வராகனின் முடிவு தமிழக உழவரைப் பாதித்ததா என்பது தனி விவாதம். பி. ஜே. தாமஸும் அவருடன் ஆய்வு செய்த பி. நடராஜனும் 1930களில், 1820களில் தொடங்கி 1854 வரை சென்னை மாகாணத்தில் நீடித்த நெடிய விலைவீழ்ச்சியை எடுத்துக்காட்டி, புழக்கத்தில் நாணயம் போதாமையை அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறினர். வரியை ரொக்கமாகவே செலுத்தவேண்டிய நிலையில் விளைபொருள் விலை வீழ்ந்தால், அதே தொகையைக் கட்டுவதற்குக் கூடுதல் நெல்லை விற்கவேண்டும் என்பது அவர்களது வாதத்தின் அச்சு. சாரதா ராஜு 1941இல் வெளியிட்ட சென்னை மாகாணப் பொருளாதார நிலை பற்றிய நூலும் அக்காலத்தின் விலை, வரி, கைத்தொழில் நிலைகளை விரிவாக ஆராய்ந்தது. பின்னர் டேவிட் வாஷ்புரூக் போன்றோர், அரசவைகளும் படைகளும் கலைந்ததால் உள்நாட்டுத் தேவை சுருங்கியதையும், துணி ஏற்றுமதி தளர்ந்ததையும் கூடுதலாக வலியுறுத்தியுள்ளனர்.

இந்த விவாதத்தில் வராகனுக்கு உரிய இடம் இன்னும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. 1802இல் சாகீர்ப் பகுதியில் நிலைவரித் திட்டம் புகுத்தப்பட்டபோது நிலவரியைச் செலுத்தும் பொறுப்பேற்ற மிட்டாதாரர்களின் கடமை வராகனில் எழுதப்பட்டது. 1818இல் அது மூன்றரை விகிதத்தில் ரூபாயாக மாறியபோது, பொன்னின் சந்தை மதிப்போடு ஒப்பிட்டால் செலுத்துவோருக்கு அது சலுகையாகவே தோன்றும். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் விளைபொருளின் விலை வெள்ளியில் வீழ்ந்தபோது, அந்தச் சலுகை கரைந்து சுமையாக மாறியிருக்கவும் கூடும். மாற்று விகிதத்தின் விளைவையும் பின்னைய விலைவீழ்ச்சியின் விளைவையும் பிரித்து அளக்காமல், நாணய மாற்றமே உழவரை வருத்தியது என்றோ அது பொருட்படுத்தத் தகாதது என்றோ கூறுவது அவசரமான முடிவாகும்.

மதிப்பீடு: மூன்று மறைவுகள்

மேற்கண்ட விளக்கங்களை ஒருசேர நோக்கும்போது, அவை வராகனின் வெவ்வேறு கூறுகளைப் பற்றிப் பேசுகின்றன என்பது புலனாகிறது. கையில் தாங்கிய பொன் வில்லை ஒன்று. கணக்கேட்டில் எழுதப்பட்ட அளவலகு மற்றொன்று. எந்த அரசு அடித்தாலும் எவரும் ஏற்ற வட்டார ஒப்புதல் மூன்றாவது. இவை மூன்றும் ஒரே நாளில் மறையவில்லை. ஒரே காரணத்தாலும் மறையவில்லை.

பல அரசுகள் பகிர்ந்துகொண்ட ஒப்புதல், அந்த அரசுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்து ஒரே கும்பினி எஞ்சியபோது தளர்ந்தது. 1799இல் மைசூரும் 1801இல் ஆர்க்காடும் அடங்கியதும், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் இதன் படிகள். இங்கே அரசியல் விளக்கம் வலுவாகப் பொருந்துகிறது. பொன் வில்லையின் மறைவுக்கு உலோக விகிதமே சிறந்த விளக்கமாகத் தோன்றுகிறது. கணக்கலகின் மறைவு மட்டுமே முழுமையாக அரசாணையின் விளைவு. அதுவும் மிக மெதுவாகவே நிறைவேறியது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மைசூர் அரசு ஆண்டுதோறும் செலுத்த ஒப்பிய ஏழு இலட்சம் நட்சத்திர வராகன், மூன்றரை விகிதத்தில் இருபத்துநாலரை இலட்சம் ரூபாயாகி, வராகன் அடிப்பது நின்று பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அதே தொகையாகத் தொடர்ந்தது. 32 குன்றிமணி கொண்ட வராகனெடை சித்த மருத்துவ அளவைகளில் இன்றும் நிலைத்திருப்பது, நாணயம் நீங்கிய பிறகும் அதன் அளவு தனியே வாழக்கூடும் என்பதற்கு மற்றொரு சான்று. சராப்பு விளக்கம் இந்த மூன்றில் எதையும் தனித்து விளக்கவில்லை; ஆயினும் கும்பினி தன் முடிவை எவ்வாறு நியாயப்படுத்தியது என்பதை அறிய அது இன்றியமையாதது.

தீராத வினாக்களும் உள்ளன. புழக்கத்திலிருந்து விலகிய பொன்னில் எவ்வளவு கடல் கடந்தது, எவ்வளவு நகையாகவும் கோயில் உடைமையாகவும் உள்நாட்டிலேயே தங்கியது என்பது முடிவு செய்யப்படவில்லை. மாற்று விகிதத்தால் ஆதாயம் அடைந்தவர் யார், இழந்தவர் யார் என்பதை மாகாணம் முழுமைக்கும் பொதுவாகக் கூறுவதைவிட, மாவட்டந்தோறும் தனித்துக் கணக்கிடுவதே பயன் தரும். பணமும் காசும் அணாவுக்கும் பைசாவுக்கும் இடங்கொடுத்த வரலாறு, வராகனின் வரலாற்றைவிடக் குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது. ஆனால் கூலியாளரின், சிறுவணிகரின் வாழ்வைத் தொட்டது அந்த மாற்றமே. இதுவரையிலான ஆய்வுகள் பெரும்பாலும் கும்பினிகளின் ஏடுகளையும் அருங்காட்சியக நாணயங்களையும் சார்ந்து அமைந்தவை. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்கள் போன்ற ஒரு குறுகிய பகுதியில் வரிக் கணக்குகள், கோயில் கணக்குகள், கடன் பத்திரங்கள் ஆகியவற்றை ஒப்புநோக்கி, எந்த ஆண்டில் எந்தத் தரப்பினர் வராகனில் எழுதுவதை விட்டு ரூபாய்க்கு மாறினர் என்பதை வரிசைப்படுத்த முடிந்தால், மூன்று மறைவுகள் என்ற இந்தப் பகுப்பு நிலைக்குமா, திருத்தப்பட வேண்டுமா என்பதை உறுதியாகக் கூறமுடியும். அதுவரை, 1818ஆம் ஆண்டின் அறிவிப்பை வராகன் மறைந்த நாளாகக் கொள்வதைவிட, முன்பே தொடங்கிய ஒரு நீண்ட விலகலை அரசு தன் கணக்கில் பதிந்துகொண்ட நாளாகக் கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமான முடிவாகும்.